முதுகுக்குப் பின்னால் உன் சிரிப்பு

என் வீட்டுக்காரிக்கு,

உன்னைக் கேட்காமலேயே உன் படத்தை என் சைக்கிள் விளம்பரப் பலகையில் ஒட்டிவிட்டேன். நான் நலம். உன் கடைவாய்ப் பல்வலி குறைந்ததா?

பார்சல் பெட்டிக்குப் பின்னால் நான் வாடகைக்கு விடும் பலகை காலியாக இருந்தால், போணியாகாத ஆள் என்று யாரும் விளம்பரம் தருவதில்லை. அதனால் நம் கல்யாணப் படத்தில் என்னை வெட்டிவிட்டு உன்னை மட்டும் ஒட்டினேன். அதைப் பார்த்து ஒரு பல் டாக்டரம்மா வழிமறித்தார்.

"யாருப்பா இது? இந்தச் சிரிப்பை என் கிளினிக் விளம்பரத்துக்குக் குடுத்துடு."

"வீட்டுக்காரிங்க. அவளக் கேக்கணும்."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. நாள் முழுக்க ஊரே உன்னைப் பார்க்கிறது. பெடல் மிதிக்கிற எனக்குத்தான் தெரிவதில்லை. கோபம் ஆறியதும் சட்டைப்பையில் வைக்க இன்னொரு படம் அனுப்பு. டெலிவரிக்கு நேரமாகிறது.

டாக்டரம்மாவிடம் பேசி முடித்தது இதுதான்: நீ சம்மதித்தால் மட்டும் மூன்று மாதம் அவர் விளம்பரம், பலகை வாடகைக்குப் பதில் நீ இங்கே வந்ததும் உன் பல்லுக்கு வைத்தியம்.