தொண்டைக்குத் தடை

மகாராணிக்கு, நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? சொல்ல வெட்கமாக இருக்கிறது. மேடை தவிர வேறெங்கும் வாயைத் திறக்கக் கூடாதென்று டாக்டர் சொன்னதால்தான் போனை எடுக்கவில்லை. கல்யாணமான நாளாய் நீ கேட்ட வரம்.

ஹெவி மெட்டல் பாடகனுக்குக் கத்தல்தான் சோறு. நேற்று மேடையேறும்போது, "இன்று கத்தல் வராவிட்டால் வேறு ஆள்" என்று குழு முதலாளி சொல்லிவிட்டார். கிட்டார்காரன், "அண்ணே, வரலைன்னா கையைத் தூக்குங்க, நான் சமாளிச்சுக்கறேன்" என்றான். டிரம் நின்றது. கூட்டம் காத்திருந்தது. வாயைத் திறந்தேன், வெறும் காற்றுதான் வந்தது. கையைப் பாதி தூக்கிவிட்டேன்.

மறக்குமுன் சொல்கிறேன், உன் பழைய சால்வையைத் துவைக்காமல் அனுப்பு. கழுத்துக்கு இதமாக இருக்கும். வண்டி கிளம்புகிறது, முடிக்கிறேன்.

பின்குறிப்பு: நேற்று கை பாதியில் நிற்கும்போதே கத்தல் வந்துவிட்டது. கூடவே என் கட்டுப்பல்லும் வந்து, முன்னால் நின்றவர் சட்டைப்பையில் விழுந்தது. துடைத்துக் கொடுத்தார்.