பற்றரி கழற்றிய கேம் பெட்டி

மகனே, ஸலாம். நீ எந்தக் கரையில் இருந்தாலும் இது உன்னைச் சேரட்டும்.

கற்பிட்டியில் காற்று மாறிவிட்டது. மத்தியானத்தில் கடை முழுவதும் கடல் வெளிச்சம் அசைகிறது. யுத்தம் முடிந்த வருஷம் நாம் சிலாபத்திலிருந்து லொறியில் ஏற்றிவந்த, காசு போட்டு விளையாடும் கேம் பெட்டியின் திரையிலுள்ள நீல வழிகளும் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் தெரிகின்றன.

அதைப் பார்க்கக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். பழைய பெட்டிகளைத் தேடிக் காப்பாற்றுகிறவர். பின்கதவைத் திறந்ததும், "இந்த வகை இப்ப எங்கயுமே இல்ல, நானா. ஆனா உள்ள பற்றரி கசியுது. கழட்டாட்டி போர்ட்ட அரிச்சிடும். கழட்டினா ஸ்கோர் எல்லாம் அழிஞ்சிடும், இதுக்குப் புதுப் பற்றரியும் இப்ப கிடைக்காது" என்றார்.

முதலிடத்தில் உன் பெயரின் மூன்று ஆங்கில எழுத்துகள். ஆஸ்திரேலியாவுக்குப் படகேறுவதற்கு முந்திய நாள் நீ பதிந்தவை.

உன் உம்மா பெட்டியை மறைத்து நின்றாள். "எண்ட புள்ளைட பேர அழிக்க விடமாட்டன்."

"பெட்டி பழுதாப்போனா அவன் வந்து எதுல விளையாடுறது?" என்றேன். அவளே விலகினாள்.

பற்றரியைக் கழற்றியாயிற்று. இரவில் அணைத்தால், இப்போது ஒவ்வொரு காலையும் பெட்டி எல்லாவற்றையும் மறந்துதான் எழும்புகிறது. சுபஹ் தொழுதுவிட்டு உம்மாதான் சுவிட்சைப் போடுகிறாள். விளையாடத் தெரியாதவள், பூதங்கள் துரத்தத் துரத்தச் சுவரில் முட்டித் தோற்கிறாள். வெறுமையான பட்டியலில் அந்தச் சின்ன ஸ்கோரே முதலிடம். உன் மூன்று எழுத்தையும் தேடிப் பதிந்த பிறகுதான் கடையைத் திறக்கிறாள்.

பகலில் பிள்ளைகள் வந்து உன்னைத் தாண்டிப் போகிறார்கள். போகட்டும். விடிந்தால் மறுபடியும் நீதான் முதல்.

உன் வாப்பா