பல்லில் ஒட்டாத துருக்கி மிட்டாய்

ஞாயிறு, 12 மே 1968

துருக்கி நாட்டு மிட்டாய் ஒன்றைப் பற்றி நூலகப் புத்தகத்தில் படித்ததிலிருந்து மனம் அதிலேயே இருந்தது. கண்ணாடி போல இருக்கும், பன்னீர் மணக்கும், சர்க்கரையில் புரட்டுவார்கள், பல்லில் ஒட்டும் என்று எழுதியிருந்தது. எதைப் போட்டு உறைய வைப்பது என்று மட்டும் இல்லை. நோன்புக்கு நாங்கள் காய்ச்சி உறைய வைக்கும் கடல்பாசியாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

என் நூலக அட்டை போன வாரத்திலிருந்து வாப்பாவிடம் இருந்தது. "படிச்சு இன்னாத்த கிழிச்சே? அதுல இருக்கிறத ஒண்ணு செஞ்சு காட்டு, தரேன்" என்றிருந்தார்.

இன்று செய்தேன். அழகாக உறைந்தது. துண்டு போட்டுச் சர்க்கரையில் புரட்டிய கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விட்டு, சர்க்கரை முழுக்கக் கரைந்து தட்டில் ஓடியது.

உம்மா ஒன்றை வாயில் போட்டதும் சிரித்துவிட்டாள். "ஏண்டி, நம்மூட்டு கடல்பாசிக்குத் துருக்கித் தொப்பி மாட்டிக்கினு வந்திருக்கியா?"

வாப்பா மென்று பார்த்தார். "ஒட்டவே இல்லியே" என்றார். அட்டை போயிற்று என்று நினைத்தேன். அவர் இன்னொரு துண்டை எடுத்து விரலால் அமுக்கினார்.

"அப்போ அவன் இன்னாத்த போட்டு ஒட்ட வெக்கிறான்? புஸ்தகத்துல இல்லியா?"

"இல்லே வாப்பா."

"அது இருக்கிற புஸ்தகமா பார்த்து எடுத்துக்கினு வா" என்று சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார்.

குழந்தைகளுக்குக் காய்ச்சும் ஆரோரூட் மாவாக இருக்குமோ? அது ஆறினால் பசை போல இழுக்கும். ஆனால் துண்டு போட வருமா?