ஆகஸ்ட் மாதச் சோதனை

அன்புள்ள டெல்பர்ட்டுக்கு,

கர்த்தர் கிருபையால் நலம். உங்கள் முழங்கால் தேவலையா? நம் மகன் படிக்கும் கல்லூரியின் சமையலறை வேலை எனக்குப் பழகிவிட்டது.

நம் கோர்பினின் கால்பந்து அணி அரையிறுதிக்கு வந்துவிட்டது, சனிக்கிழமை ஆட்டம். போன சனிக்கிழமை பந்தை முட்டப் போய் இன்னொருவன் தலையில் மோதிக்கொண்டான். பயப்படாதீர்கள், காயமில்லை. ஆனால் மறுநாள் சாப்பிடும்போது, "சர்ச்சுக்கு எப்பம்மா போறோம்?" என்று மூன்று முறை கேட்டான். போய்விட்டு வந்துதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

தலையில் மோதியதும் அணியில் வைத்த மூளைச் சோதனையில் தேறிவிட்டானே என்றேன். கூட இருந்த கோல்கீப்பர் பையன் சிரித்தான்.

"ஆட்டமெல்லாம் தொடங்குறதுக்கு முன்னால ஆகஸ்ட்ல வச்ச அதே சோதனையில வேணும்னே தப்புத் தப்பா எழுதிட்டான் ஆன்ட்டி. அதோடதானே ஒப்பிட்டுப் பார்ப்பாங்க? இப்ப மண்டை கலங்கினாலும் பாஸ்தான்!"

"கோச்கிட்ட வாயத் திறந்த, உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேம்மா" என்றான் கோர்பின்.

இரண்டு நாள் ஜெபித்தேன். இன்று காலை கோச்சிடம் சொல்லிவிட்டேன்.

போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். நீங்கள் அவனைக் கூப்பிட்டுப் பேசுங்கள். கேட்டதையே எத்தனை முறை கேட்கிறான் என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். அவன் மட்டும் இல்லை.

லோர்னா