நாலு பாத்திப் பச்சை

அக்டோபர் 24
பாத்திகளில் பயிர் முற்றிவிட்டது. அரசு விதைப் பண்ணையில் எனக்கு இது மலைத் தானியமான பக்வீட்டின் ஒன்பதாவது அறுவடை. மூன்று ரகம், ரகத்துக்கு நாலு பாத்தி. காட்மாண்டுவிலிருந்து வந்த ரகம் இந்தக் குளிரில் தேறவில்லை. போட்டி மற்ற இரண்டுக்கும்தான்: ஆறு வருடமாக நானே பொறுக்கியெடுத்த ஏழாம் எண், அண்ணனைக் கட்டி வந்தபோது இந்திரகுமாரி அண்ணி கொண்டுவந்த கறுப்பு. ஜெயிக்கிற ஒன்றைத்தான் ஊருக்கெல்லாம் விதையாகக் கொடுப்பார்கள்.

அக்டோபர் 26
பனி ஈரத்தோடு வெட்டினால்தான் மணி உதிராது. பதினொரு மணிக்குப் பள்ளத்தாக்குக் காற்று கிளம்புமுன் முடிக்க வேண்டும். என் பாத்திகளை விடிந்ததும் வெட்டினேன். பிறகு டீ. பிறகு இன்னொரு டீ. அண்ணியின் கறுப்பில் அரிவாள் வைத்தபோது காற்று என் தலைத்துணியைப் பிடுங்கியது. மணிகள் பொலபொலவென்று கொட்டின. நிறுத்தியிருக்கலாம். படிவத்தில் தேதிக்குத்தான் கட்டம் இருக்கிறது, நேரத்துக்கு இல்லை. தெரியாமல் நடந்துவிட்டதா?

அக்டோபர் 27
இல்லை. தெரிந்துதான்.

நவம்பர் 5
எடை போட்டாயிற்று. ஏழாம் எண் ஐந்தில் ஒரு பங்கு அதிகம். அதிகாரி பௌடெல் சார், "கலக்கிட்டீங்க தில்மாயா!" என்றார். சிரித்துவைத்தேன்.
அண்ணி தட்டில் களியைப் போட்டுக்கொண்டே, "நாத்தனார்கிட்ட தோத்தா தப்பில்லடி. நெய் ஊத்திக்கோ," என்றாள். நெய்யை ஊற்றிக்கொண்டேன். சீ, என்ன ஜென்மம் நான்!

நவம்பர் 9
ஆய்வக முடிவு வந்தது. ரத்தக் குழாய்க்கு நல்லதென்று சொல்லும் ருட்டின் சத்து, கறுப்பில்தான் அதிகம். "சத்து இருந்து என்ன, விளையணுமே," என்றார் சார். அண்ணி வீட்டில் மிச்ச விதையை மாவாக அரைக்கப் போகிறாளாம். "இனி எதுக்கு இது? உன்னோடதையே போட்டுக்கறேன்."

நவம்பர் 14
பார்லி விதைக்கப் பாத்திகளுக்குத் தண்ணீர் விட்டு ஒரு வாரம் ஆகிறது. இன்று மதியச் சாப்பாடு கொண்டுவந்த அண்ணி வரப்பிலேயே நின்றுவிட்டாள். பன்னிரண்டில் நாலு மட்டும் அடர்த்தியாக முளைத்திருந்தது, எல்லாம் உதிர்ந்து விழுந்த பக்வீட்.
"இது என் கறுப்பு வெட்டின பாத்தி தானே?"
"ஆமா அண்ணி."
"எத்தனை மணிக்கு வெட்டினே?"
"காத்து வந்தப்புறம்."
"உன்னோடதை?"
சொன்னேன். திட்டவில்லை. கேரியரை வரப்பில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பின்னாலேயே ஓட நினைத்தேன். அதற்குப் பதில் சாரிடம் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். முடிவை ரத்து செய்தார். அடுத்த வருடம் மறுபடி.
வீட்டுக்கு வந்து விதைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அண்ணி இன்னும் அரைக்கவில்லை.

அக்டோபர் 30, மறு வருடம்
போன வாரம் அண்ணி நாலு பெண்களோடு விடியும்போதே பண்ணைக்கு வந்தாள். என்னோடு ஒரு பேச்சில்லை. ஈரம் காயுமுன் பன்னிரண்டு பாத்தியும் வெட்டியாகிவிட்டது.
இன்று எடை. தராசை அவளே பிடித்தாள். ஏழாம் எண் ஒரு கிலோ கூடுதல். விளைச்சலுக்கு அது, சத்துக்குக் கறுப்பு என்று இரண்டையும் கொடுக்கப் போகிறார்கள்.
அண்ணி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "போன வருஷமும் நீதான்டி ஜெயிச்சிருப்பே," என்றாள்.