பாட்டில் மேல் அம்மா முகம்

சிங்கவரம், செஞ்சி
3.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

குழந்தை எப்படி இருக்குது? போன்ல பேசினா கத்திடுவேன், அம்மா காதுல விழும். அதான் லெட்டர்.

பீமாராவ் மாமா பம்பாய்ல ஒரு கடையில உன் மாமியார் வீட்ல தயாரிக்கற புது ஒயினைப் பார்த்துட்டு போட்டோ அனுப்பினார். பாட்டில் மேல நம்ம அம்மா! தலையில துண்டு, இடுப்புல திராட்சைக் கூடை. ஒயின் பேரே ‘அம்மா’. கீழே இங்கிலீஷ்ல, ‘தலைமுறை தலைமுறையாக எங்கள் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் பெண்களுக்கு’ன்னு போட்டிருக்குது.

அம்மா எப்போக்கா உன் மாமியார் தோட்டத்துல கூலிக்குப் போனாங்க? உன் குழந்தைக்குப் பேர் வைக்க சம்பந்தியா வந்தவங்க. வெயில்னு துண்டைப் போட்டாங்க. ஆனந்த் அத்தான் விளையாட்டா கூடையைக் கொடுத்துப் படம் எடுத்தார். பக்கத்துல நின்னு நானும்தான் சிரிச்சேன். வல்லத்துல சத்துணவு அமைப்பாளரா இருந்து ரிட்டயர் ஆனவங்களை இப்படியா காட்டுவீங்க?

உனக்கு இது முன்னாடியே தெரியுமா? அதை மட்டும் எழுது.

மஞ்சு

நாசிக்
12.2.2025

அன்பு மஞ்சு,

பாப்பா நல்லா இருக்கா. தவழ ஆரம்பிச்சுட்டா.

தெரியும். அச்சடிக்கறதுக்கு முன்னாடியே ஆனந்த் காட்டினார். அந்தச் சிவப்பு ஒயின் நான் உண்டாக்கினது. எந்தத் திராட்சை ஒயினை எந்த அளவுல கலக்கறதுன்னு மாசக்கணக்கா ருசி பார்த்து நான்தான் முடிவு பண்ணினேன். இனி நம்ம எஸ்டேட்டுக்கே இதுதான் அடையாளம்னு மாமனார் சொன்னார். ‘அம்மா’ன்னு பேர் வைக்கலாம்னதும் பூரிச்சுப் போயிட்டேன்.

கீழே இருந்த வரி உறுத்துச்சு. விளம்பரத்துக்கு ஒரு கதை வேணும்னார் ஆனந்த். அம்மாவைக் கௌரவிக்கத்தானே செய்யறாங்கன்னு விட்டுட்டேன். கோவப்படாதே. அம்மாவுக்குத் தெரிய வேணாம்.

உன் அக்கா
கலைமதி

சிங்கவரம்
21.2.2025

அக்கா,

தெரிஞ்சு போச்சு. மளிகைக் கடையில கலியபெருமாள் அம்மாகிட்ட அந்தப் படத்தைப் போன்ல காட்டி, “இன்னா பூவாயக்கா, நாசிக் பக்கம் கூலிக்குப் போயிட்டியா?”ன்னு கேட்டிருக்கான்.

அம்மா அழல. “அந்தக் காலத்துல கூலி வேலை செஞ்சவதான்டி நான், அதுல கேவலமில்ல. ஆனா அவங்க தோட்டத்துல செய்யல”ன்னாங்க. அப்புறம், “சம்பந்தியம்மா படத்தை ஏன் போடல?”ன்னாங்க.

கௌரவம்னு எழுதினியே, அந்தக் கேள்வியை உன் வீட்ல கேளு. கேக்கற வரைக்கும் எனக்கு எழுதாதே.

மஞ்சு

நாசிக்
2.3.2025

மஞ்சு,

கேட்டேன். மத்தியானம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தாங்க. ‘அடுத்த தடவை அத்தை கையில கூடையைக் கொடுத்துப் படம் எடுக்கலாமே’ன்னேன்.

அத்தை தட்டைத் தள்ளிட்டு எழுந்துட்டாங்க. “கண்டவன் குடிக்கிற பாட்டில்ல என் முகமா? இந்த வீட்டு மானம் என்னாகறது?”

“அம்மா சொன்னதைத் தப்பா எடுத்துக்காதே”ன்னார் ஆனந்த். “எந்த அம்மாவைச் சொல்றீங்க?”ன்னு கேட்டேன்.

லேபிளை மாத்துங்க, கடைக்குப் போனதையெல்லாம் திருப்பி வாங்குங்கன்னேன். அடுத்த வருஷம் பார்க்கலாமாம். அப்போ அடுத்த வருஷ ஒயினை நீங்களே கலந்துக்குங்கன்னு சொல்லிட்டு, ஒயின் கலக்கற லேப் சாவியை ஆனந்த் முன்னாடி வெச்சுட்டேன்.

பாப்பாவைத் தூக்கிட்டு வரேன். டிக்கெட் எடுத்தாச்சு. திண்டிவனத்துல இறங்கி பஸ் பிடிச்சுக்கறேன். அம்மாகிட்ட வரேன்னு மட்டும் சொல்லு. அந்த லேபிளுக்கு நான் தலையாட்டினதை நானே சொல்லிக்கறேன். அவங்க திட்டட்டும். நடுவுல நீ வந்து தடுக்காதே.

கலைமதி