துணி இறக்கை

அருப்புக்கோட்டை
18.11.1992

அன்பு மகன் ராமலிங்கத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அந்தக் குளிரில் நீ சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க சௌடேஸ்வரி அம்மன் துணை. நாங்கள் காசி யாத்திரை முடிந்து வந்த அன்றைக்கே உன் கடிதம் கிடைத்தது. பொங்கல் லீவில் வந்தால் பாலவனத்தத்தில் அக்கா வீட்டில் தங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறாய். படித்ததும் அழுதுவிட்டேன். உன்மேல் தப்பில்லை. உனக்கென்று தறியில் பாவு ஏற்றி வைத்திருந்த நேரத்தில் சொல்லாமல் ஏர்ஃபோர்ஸுக்குப் போனாய், நாலு வருஷமாக அப்பா உன் பேரையே எடுப்பதில்லை, நூலை விட்டுட்டு இரும்பை நம்பிப் போனவன் பேச்சு எதுக்கு என்பார். உன் கடிதத்தை நான் சத்தமாகப் படித்தால் தறியை அதைவிடச் சத்தமாக அடிப்பார்.

யாத்திரையில் ஒருநாள் டெல்லி. எல்லோரும் கடைக்குப் போக, நான் உங்கள் ஏர்ஃபோர்ஸ் மியூசியத்தைப் பார்த்தே தீருவேன் என்று அடம்பிடித்தேன். யாத்திரைக்குக் கூட்டிப்போன பால்சாமி அண்ணனுக்கு இந்தி தெரியும், துணைக்கு வந்தார். அப்பா, உட்கார இடம் கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டு பின்னாலேயே வந்தார். பெரிய கொட்டகைக்குள் வரிசையாக விமானங்கள், ஒவ்வொரு சக்கரத்தையும் காட்டி இதைத்தானே என் பிள்ளை துடைப்பான் என்று நான் கேட்க, பால்சாமி அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஓரத்தில் ஒரு பழைய விமானம், மேலொன்று கீழொன்றாக ரெண்டடுக்கு இறக்கை. அப்பா அதன் முன்னால் நின்றவர் நகரவில்லை. திடீரென்று கயிற்றைத் தாண்டிப் போய் இறக்கையை விரலால் தடவி, நகத்தால் சுரண்டிப் பார்த்து, ஏ புள்ள, இது துணி என்று கத்தினார். காவல்காரர் ஓடிவந்து சத்தம் போட்டார், அப்பா அசையவில்லை. பாவும் ஊடையும் ஒரே நெருக்கமா இருக்கு, கஞ்சி மாதிரி எதையோ பூசி வெறைப்பாக்கியிருக்காக, எந்த ஊரு நெசவுன்னு கேளுங்கண்ணே என்று பால்சாமி அண்ணனைப் பிடித்துக்கொண்டார். ஊர் தெரியாதாம், ஆனால் கிழிந்தால் ஒட்டுப்போட்டுத் தைப்பது படையிலுள்ள பையன்கள்தான் என்றாராம் காவல்காரர்.  உடனே அப்பா, நம்ம பயலும் தைப்பானான்னு கேளுங்க என்றார். மூன்றாம் மனுஷரிடம் எதற்கு, மகனிடமே கேளுங்கள் என்றேன், மறுபடியும் இறக்கைப் பக்கம் திரும்பிக்கொண்டார். சரி, நானே கேட்கிறேன், தைப்பாயா?

ஊர் வந்ததிலிருந்து அப்பா வாயில் நூல்கடை வரைக்கும் துணி பறந்த கதைதான். இங்கே மழை விடவில்லை, தறிக்குழியில் தண்ணீர் ஊறுகிறது. அக்காவின் சின்னவன் நடக்க ஆரம்பித்துவிட்டான். நீ பசியோடு படுக்காதே, சம்பளத்தில் ஒரு நல்ல கம்பளி வாங்கு. அம்மன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

பொங்கலுக்கு நேரே நம் வீட்டுக்கு வா. அப்பா சொன்னாரா என்று கேட்பாய். வாயால் சொல்லவில்லை. எப்போதும் பக்கத்து வீட்டு தேவிபிரியாதான் உன் விலாசத்தை இங்கிலீஷில் எழுதித் தருவாள். இன்றைக்கு அவள் வருவதற்குள் அப்பாவே பேனாவை வாங்கிக் கவரில் எழுதிவிட்டார். இங்கிலீஷ் ஓர் எழுத்துப் படிக்காதவர், உன் சர்வீஸ் நம்பர் முதற்கொண்டு எதையும் பார்க்காமல் எழுதினார். கவரைக் கிழித்துப் போட்டுவிடாதே.

ஆசிகளுடன்,
உன் அம்மா
லிங்கம்மாள்